ரோஸ்டரை அவர்கள் கையிலேயே கொடுத்தேன், ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

கேள்வி:

பெங்களூரு ஓசூர் ரோடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில், 32 படுக்கை உள்ள மெடிக்கல் வார்டுக்கு இன்சார்ஜ் சிஸ்டராக இருக்கிறேன். சொந்த ஊர் தர்மபுரி. இதே வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகப் பல வருஷம் இருந்துவிட்டு, போன வருஷம்தான் இன்சார்ஜ் ஆனேன். எனக்கு முன்னால் இருந்தவர் ரொம்பக் கண்டிப்பு. அவர் வார்டுக்குள் நுழைந்தாலே நர்ஸ் பிள்ளைகள் நடுங்கும். நான் அப்படி இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். எச்.ஆர். நடத்திய வகுப்பிலும், 'ஸ்டாஃபுக்கு அதிகாரம் கொடுங்கள், அவர்களே முடிவெடுக்கட்டும், அப்போதுதான் வேலையில் ஈடுபாடு வரும்' என்று சொன்னார்கள்.

அதனால் டியூட்டி ரோஸ்டரை, அதாவது யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற அட்டவணையை, அவர்களையே போட்டுக்கொள்ளச் சொன்னேன். வார்டில் எந்தப் பிரச்சினை வந்தாலும் 'நீங்களே பார்த்து முடிவெடுங்கம்மா' என்றேன். நாலு மாசத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. இரண்டு சீனியர்கள் மார்னிங் ஷிஃப்டையும் ஞாயிற்றுக்கிழமை ஆஃபையும் எடுத்துக்கொண்டார்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நைட் மேல் நைட். யாரும் என்னிடம் வாயைத் திறப்பதில்லை. தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர் மட்டும் தனியாக வந்து அழுதார்கள். போன வாரம் டிரெஸ்ஸிங் ரூமில் ஒரு ஸ்டாஃப் கன்னடத்தில் சொன்னது என் காதில் விழுந்தது: 'அக்கா தன் வேலையை நம்ம தலையில கட்டிட்டு, நல்ல பேர் மட்டும் வாங்கிக்கிறாங்க.' ஸ்டாஃபின் ஈடுபாட்டை அளக்கும் என்கேஜ்மென்ட் சர்வேயில் எங்கள் வார்டு கடைசிக்கு முந்தைய இடம். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மேடமோ, 'லூஸ் விட்டா இப்படித்தான், இனிமே ஸ்ட்ரிக்டா இரு' என்கிறார். யார் சொல்வது சரி? இன்சார்ஜ் வேலையே வேண்டாம் என்று டயாலிசிஸுக்கு மாற்றல் கேட்டுவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, பெங்களூரு

பதில்:

அன்புத் தங்கைக்கு,

எச்.ஆர். சொன்னதும் சரி, டிரெஸ்ஸிங் ரூமில் அந்த ஸ்டாஃப் சொன்னதும் சரி. உங்கள் மேடம் சொன்னது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ரோஸ்டர். வெறும் தாளைக் கொடுத்து 'போட்டுக்கொள்ளுங்கள்' என்றால், வார்டில் யார் குரல் ஏற்கெனவே ஓங்கியிருக்கிறதோ அவர்களிடம்தான் அது போய்ச் சேரும். சேர்ந்து ஆறு மாசம் ஆன ஒரு பிள்ளை, சீனியரிடம் போய் 'சிஸ்டர், எனக்கும் ஒரு ஞாயிறு வேண்டும்' என்று கேட்குமா? கேட்டுவிட்டால், நாளைக்கு ஒரு பாட்டிக்கு வெயின் கிடைக்காமல் மூன்றாவது தடவை குத்த வேண்டி வரும்போது அதே சீனியரைத்தானே கூப்பிட வேண்டும்? அதனால் வாயை மூடிக்கொண்டு நைட் வாங்கிக்கொள்ளும். உங்களிடம் வந்து சொல்லாததற்கும் காரணம் அதுதான். நீங்கள்தான் 'நீங்களே முடிவெடுங்கள்' என்று சொல்லிவிட்டீர்களே, பிறகு உங்களிடம் புகார் சொல்வது எப்படி?

ஸ்டாஃபே ரோஸ்டர் போடும் முறை வெளிநாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் வெகுகாலமாக நடக்கிறது. அங்கேயும் தாள் வெறுமையாக வருவதில்லை, அதன் தலையில் நிபந்தனைகள் இருக்கும். உங்கள் வார்டுக்கு அவற்றை நீங்கள் எழுதுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் கோட் ப்ளூ (நோயாளியின் இதயமோ மூச்சோ நின்றுபோகும் அவசரம்) வந்தால் தலைமை தாங்கக்கூடிய ஒருவராவது இருக்க வேண்டும். தொடர் நைட்டுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். நைட் முடித்துத் தூங்கும் நாளை வீக்லி ஆஃப் கணக்கில் கழிக்கிற கெட்ட பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, உங்கள் வார்டில் இருந்தால் முதலில் அதை ஒழியுங்கள். ஈவ்னிங் டியூட்டி முடித்து ஒன்பது மணிக்கு மேல் கிளம்பிய பிள்ளைக்கு மறுநாள் மார்னிங் போடக் கூடாது. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி பஸ்ஸில் வருகிறவளுக்குச் சத்தியமாகப் போடக் கூடாது. மாசத்துக்கு இரண்டு தேதிகளை ஒவ்வொருவரும் 'கட்டாயம் வேண்டும்' என்று முன்கூட்டியே குறிக்கட்டும், அதில் யாரும் கை வைக்க முடியாது. பொங்கல், உகாதி, ரம்ஜான், ஓணம், கிறிஸ்துமஸ் என்று பெங்களூரு வார்டில் பண்டிகைக்குப் பஞ்சமில்லை. இந்த வருஷம் எந்தப் பண்டிகைக்கு யார் வேலை பார்த்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த வருஷம் சண்டை பாதி குறையும். இவ்வளவுக்கும் உட்பட்டு அவர்கள் போட்டுக்கொள்ளட்டும். ஒத்து வராத இடத்தில் நீங்கள் தீர்த்து வையுங்கள். கடைசிக் கையெழுத்து உங்களுடையது.

அதற்கு முன் ஒரு காரியம். கடந்த நாலு மாசத்தில் யாருக்கு எத்தனை நைட், எத்தனை ஞாயிறு ஆஃப் என்று ஒரே தாளில் எழுதி நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டுங்கள். யாரையும் குற்றம் சொல்லி ஒரு வரி வேண்டாம், எண்கள் மட்டும் போதும். அதை வைத்துக்கொண்டு சீனியர்களோடு பேசுவது, அழுத பிள்ளைகளின் பேரைச் சொல்லிப் பேசுவதைவிட எவ்வளவோ மேல்.

இப்போது நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. அதிகாரம் பகிர்ந்து கொடுக்கிற தலைமைக்கும் நர்ஸ்களின் ஈடுபாட்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? உண்டு. பல நாடுகளில் நர்ஸ்களிடம் நடந்த ஆய்வுகள் அதைத்தான் காட்டுகின்றன. பெரும்பாலும் ஒரே நேரத்தில் கேள்வித்தாள் கொடுத்து வாங்கிய பதில்கள்தான் அவை. ஆகவே இதனால்தான் அது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. நல்ல இன்சார்ஜ் இருந்ததால் ஈடுபாடு வந்ததா, ஈடுபாட்டோடு இருப்பவர்கள் இன்சார்ஜைப் பற்றி நல்லதாகச் சொல்கிறார்களா என்று பிரிப்பது சிரமம். ஆனால் அந்தத் தலைமையில் என்னென்ன அடங்கும் என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. உங்கள் எச்.ஆர். வகுப்பில் விட்டுப்போனது அந்தப் பகுதிதான்.

2005-ல் மைக்கேல் அஹெர்ன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இதை நான்காகப் பிரித்தார்கள். செய்கிற வேலைக்கு என்ன அர்த்தம் என்று புரியவைப்பது, முடிவெடுப்பதில் சேர்த்துக்கொள்வது, 'உன்னால் முடியும்' என்ற நம்பிக்கையை வெளிப்படையாகக் காட்டுவது, வேலைக்குக் குறுக்கே நிற்கும் நிர்வாகத் தடைகளை விலக்குவது. நீங்கள் செய்தது இரண்டாவதில் ஒரு பாதி. மற்ற மூன்றும் தலைவர் மெனக்கெட்டுச் செய்ய வேண்டியவை, விலகி நின்றால் நடக்காது.

அவர்கள் ஆராய்ந்தது நர்ஸ்களை இல்லை, மருந்து விற்பனைப் பிரதிநிதிகளை. ஓ.பி. வாசலில் பையோடு காத்து நிற்கிறார்களே, அந்த ரெப்புகளின் வர்க்கம். அதில் கிடைத்த முடிவு எதிர்பாராதது. அனுபவசாலிக்குச் சுதந்திரம் கொடு, புதியவனைப் பிடித்து இழு என்பதுதானே எல்லோரும் நினைப்பது? அனுபவமும் விஷய ஞானமும் குறைந்தவர்களுக்குத்தான் இந்தத் தலைமையால் அதிகப் பலன், நன்றாகத் தெரிந்தவர்களுக்குச் சொல்லும்படியான பலன் இல்லை என்று வந்தது. ரெப்பையும் நர்ஸையும் அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனால் உங்கள் வார்டைப் பாருங்கள்: யாருக்குப் பலன் தந்திருக்க வேண்டுமோ அந்தப் பிள்ளைகளுக்கு நைட், யாருக்கு அது பெரிதாகத் தேவைப்படவில்லையோ அவர்களுக்கு ஞாயிறு ஆஃப்.

டிரெஸ்ஸிங் ரூம் பேச்சுக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. இந்தத் தலைமைக்கு இரண்டு முகம் உண்டு என்று 2016-ல் வந்த ஒரு கட்டுரை காட்டியது. ஒரு பக்கம் தன்னால் முடியும் என்ற தைரியத்தை வளர்க்கிறது. மறுபக்கம் பொறுப்பின் பாரத்தை ஏற்றி மன இறுக்கத்தைக் கூட்டுகிறது. தகவலும் துணையும் இல்லாமல் முடிவை மட்டும் கொடுத்தால் இரண்டாவதுதான் மிஞ்சும். அந்த ஸ்டாஃப் கன்னடத்தில் சொன்னது இதைத்தான், கட்டுரையைவிடச் சுருக்கமாக. அவர்மேல் கோபப்படாதீர்கள். முடிந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எந்த வேலையைத் தலையில் கட்டியதாக நினைக்கிறார் என்று கேளுங்கள்.

அதிகாரம் கொடுப்பது என்றால் வார்டில் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு ஓர் இரவை எடுத்துக்கொள்வோம்.

நேரம் இரண்டேகால். நிமோனியாவுக்கு அட்மிட் ஆன ஒரு பெரியவர், ஆக்ஸிஜன் வைக்கவில்லை. டியூட்டியில் இருக்கிற ஜூனியர் எண்ணிப் பார்க்கிறாள்: மூச்சு நிமிஷத்துக்கு 26, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 92, பல்ஸ் 112. பி.பி., டெம்பரேச்சர் நார்மல், ஆள் தெளிவாகப் பேசுகிறார். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறைப்படி மூச்சுக்கு 3, சாச்சுரேஷனுக்கு 2, பல்ஸுக்கு 2, மொத்தம் 7. ஏழு வந்தாலே அவசரம், டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளை போனை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறாள். போன தடவை எழுப்பியதற்கு டியூட்டி டாக்டர் கத்தியிருக்கிறார். 'ஆள் நல்லாத்தானே பேசறார், இன்னும் அரைமணி நேரம் பார்ப்போம்.'

இந்த அரைமணி நேரத்தை ஒழிப்பதுதான் உங்கள் வேலை. ஒழிப்பது எப்படி? இத்தனை மதிப்பெண் வந்தால் யாரையும் கேட்காமல் போன் போடலாம் என்று டாக்டர்கள் கையெழுத்திட்ட ஒரு விதி வார்டில் இருக்க வேண்டும். போனில் என்ன சொல்வது என்று அந்தப் பிள்ளைக்குப் பழகியிருக்க வேண்டும்: இப்போது என்ன நிலைமை, இவர் எதற்காக அட்மிட் ஆனார், நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைக்கு வந்த முறை இது, எஸ்.பி.ஏ.ஆர். என்று நீங்களும் படித்திருப்பீர்கள். 'சார், 14-ம் பெட் பேஷண்ட், ஸ்கோர் ஏழு, மூச்சு வாங்குது, நிமோனியா மோசமாகுதுன்னு நினைக்கிறேன், நீங்க இப்பவே வந்து பார்க்கணும்.' இந்தக் கடைசி வாக்கியம் நம் பிள்ளைகள் வாயில் லேசில் வராது. 'கொஞ்சம் வந்து பாக்கறீங்களா சார்' என்றுதான் வரும். மதியம் வேலை ஓய்ந்த நேரத்தில் பத்து நிமிஷம் ஒருத்தி டாக்டராகவும் ஒருத்தி நர்ஸாகவும் பேசிப் பழகட்டும். முதல் நாள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இதெல்லாம் செய்தும் காலையில் ஒரு பரீட்சை இருக்கிறது, அது உங்களுக்கு. டாக்டர் வந்து, 'உங்க ஸ்டாஃப் ராத்திரி எதுக்கெடுத்தாலும் எழுப்புது சிஸ்டர்' என்பார். வார்டு முழுக்க உங்கள் முகத்தைப் பார்க்கும். 'ஸ்கோர் ஏழு இருந்தது சார், அவள் செய்தது விதிப்படி சரி, நானா இருந்தாலும் போன் பண்ணியிருப்பேன்' என்று அந்தப் பிள்ளை காதுபடச் சொல்லுங்கள். சமாதானமாகச் சிரித்து மழுப்பினால், நீங்கள் கொடுத்ததாக நினைக்கும் அதிகாரம் அந்த நிமிஷமே திரும்பிவிடும். எனக்குத் தெரிந்து ஒரு ஜூனியர் வேலையில் வேரூன்றுவதும் வெளிநாட்டு வேலைக்காக ஜெர்மன் வகுப்பில் சேருவதும் இப்படிப்பட்ட காலைகளில்தான் தீர்மானமாகிறது. (ஜெர்மன் படிப்பது தப்பில்லை. நல்ல சம்பளத்துக்காகப் போகிறவர்களைத் தடுக்க நமக்கு உரிமையும் இல்லை. இங்கே மரியாதை இல்லை என்று போகிறவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.)

இன்னொன்று, செலவே இல்லாதது. கன்சல்டன்ட் ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டை வாங்கிக்கொண்டு நீங்கள் முன்னால் போகாதீர்கள். அந்தப் படுக்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். தடுமாறினால் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுங்கள், வாக்கியத்தைப் பிடுங்காதீர்கள். கிரெட்சென் ஸ்பிரைட்ஸர் என்ற ஆய்வாளர் 1995-ல் சொன்ன நான்கு உணர்வுகள் உண்டு: வேலைக்கு அர்த்தம் இருக்கிறது, எனக்குத் திறமை இருக்கிறது, நானே தீர்மானிக்கிறேன், என்னால் ஏதோ மாறுகிறது. தலைவர் செய்வது ஈடுபாடாக மாறுவது இந்த உணர்வுகளின் வழியாகத்தான் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. 'சிஸ்டர் சொன்ன மாதிரி லேசிக்ஸ் டோஸைக் குறைச்சிடலாம்' என்று டாக்டர் ஒருநாள் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு நான்கும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும்.

எதையெல்லாம் அவர்களிடம் விடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கே.சி.எல். (பொட்டாசியம் மருந்து), இன்சுலின், ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), ரத்தம் ஏற்றுவது: இவற்றில் இரண்டு பேர் சரிபார்ப்பது சரிபார்ப்பதுதான். 'நீங்களே பார்த்துக்கோங்க' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை, அதில் நீங்கள் எவ்வளவு கறாராக இருந்தாலும் நான் உங்கள் பக்கம். தமிழ்நாட்டில் படித்து வந்த பிள்ளைகள் கர்நாடகா நர்சிங் கவுன்சில் பதிவை முடித்துவிட்டார்களா என்றும் பாருங்கள். பதிவு பாக்கி இருக்கிற பிள்ளையைத் தனியாகப் பொறுப்பேற்கச் சொல்லி, நாளைக்கு ஏதாவது ஆனால் மாட்டிக்கொள்வது அவள்தான்.

இதெல்லாம் ஆரம்பித்த பிறகு ஒரு விஷயம் உங்களைப் பயமுறுத்தலாம்: வார்டில் இன்சிடென்ட் ரிப்போர்ட், அதாவது தவறுகளை எழுதிக் கொடுக்கும் பதிவு, கூடும். பதறாதீர்கள். ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள வார்டுகளில்தான் அதிகத் தவறு பதிவாகியிருந்தது. அங்கே அதிகம் தவறு செய்தார்கள் என்று அர்த்தமில்லை, மறைக்காமல் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் அது மெத்தைக்கடியில் போய்விட்டது. குவாலிட்டி டிபார்ட்மென்டில் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கிராஃபைக் காட்டி உங்களையே கேள்வி கேட்பார்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது. தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர் தனியாக வந்து அழுதார்கள் என்கிறீர்கள். கன்னடப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் மணிப்பூரில் இருந்து வந்த பிள்ளைகளும் எங்கே போய் அழுதார்கள்? ஊர்ப்பாசம் இயல்பு. வேலை முடிந்து மாரத்தஹள்ளி பி.ஜி. விடுதியில் தனியாகக் கிடக்கிற ஒரு பிள்ளைக்கு, 'சாப்பிட்டியாடி' என்று தமிழில் ஒரு குரல் கேட்பது பெரிய ஆறுதல். ஆனால் அதையே நர்சிங் ஸ்டேஷனில் கேட்டால், மற்றவர்களுக்கு நீங்கள் எல்லோருக்கும் இன்சார்ஜ் இல்லை, தமிழ்க்காரர்களின் அக்கா. சீனியர்கள் இருவரும் மலையாளத்திலோ கன்னடத்திலோ ஹேண்ட் ஓவர் (ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையை அடுத்தவருக்கு ஒப்படைப்பது) சொன்னால் உங்கள் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்? அதேதான். ஹேண்ட் ஓவர், ரோஸ்டர், கண்டிப்பு மூன்றும் அங்கே நிற்கிற எல்லோருக்கும் புரியும் மொழியில் நடக்க வேண்டும் என்று வையுங்கள். பாசத்தை லஞ்ச் டேபிளில் வைத்துக்கொள்ளலாம். மாசம் ஒருமுறை ஒவ்வொரு ஸ்டாஃபோடும் பத்து நிமிஷம் தனியாகப் பேசுங்கள். முதலில் உங்களிடம் வராத பிள்ளைகளோடு.

சீனியர்கள் இருவரையும் வில்லன்களாக்க வேண்டாம். தாள் கிடைத்தது, எழுதிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையோ படுத்த மாமியாரோ இருக்கலாம், கேளுங்கள். உண்மையான தேவை இருந்தால் அதையும் வெளிப்படையாக விதியில் சேர்க்கலாம். இத்தனை வருஷ அனுபவத்துக்கு அவர்களுக்கு வேறு மரியாதை வேண்டும். புதிய பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைப் பெயரோடு கொடுங்கள், அந்த நேரத்துக்குப் படுக்கைகளைக் குறைத்துக் கொடுங்கள். படுக்கையைக் குறைக்காமல் 'கற்றுக்கொடுங்கள்' என்றால் அதுவும் தலையில் கட்டுவதுதான்.

இனி உங்கள் மேடம். ரோசபெத் மோஸ் கான்டர் என்ற சமூகவியலாளர் 1977-ல் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனியை ஆராய்ந்து எழுதினார். கையில் உண்மையான அதிகாரம் இல்லாத மேலதிகாரிகள்தான் விதிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கெடுபிடி செய்கிறார்கள் என்றார். வேலைக்குத் தேவையான தகவல், ஆதரவு, வசதிகள், முன்னேறும் வாய்ப்பு கிடைக்கிறவர்களுக்குக் கத்த வேண்டிய அவசியம் இல்லை. கனடாவில் ஹெதர் லாஷிங்கர் இதை நர்ஸ்களிடம் வைத்துப் பல வருஷம் ஆராய்ந்தார், பெரிதும் பொருந்தியது. உங்களுக்கு முன்னால் இருந்த கண்டிப்பான சிஸ்டரையும், உங்கள் மேடத்தையும், ஏன், உங்களையும் இந்தக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். இன்சார்ஜ் என்பவர் மத்தளம், இரண்டு பக்கமும் இடி. உங்களிடமே இல்லாததை நீங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது.

அதனால் 'ஸ்ட்ரிக்டா இரு' என்கிற மேடத்திடம் வாதாடாதீர்கள். உங்கள் தரப்பில் மூன்று விஷயம் கேளுங்கள். கையெழுத்தான ரோஸ்டரை என்னைக் கேட்காமல் போனில் மாற்றக் கூடாது. ஹேண்ட் ஓவர் முடிந்த பிறகு என் ஸ்டாஃபை வேறு வார்டுக்கு இழுத்தால், யார் போவது என்று நான் சொல்வேன். இன்ஃப்யூஷன் பம்ப் (மருந்தை அளவாக ஏற்றும் கருவி) கேட்டுப் போட்ட இண்டென்ட் எத்தனை நாளாக நிற்கிறது என்று எனக்குப் பதில் வேண்டும். இந்த மூன்றில் ஒன்றை ஜெயித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள். பம்ப்புக்காக மூன்று வார்டு ஏறி இறங்கிக் கடன் வாங்குகிற பிள்ளைக்கு, புதிதாக இரண்டு பம்ப் வந்து நிற்பதைவிடப் பெரிய அதிகாரப் பகிர்வு எதுவும் இல்லை.

என்கேஜ்மென்ட் சர்வேயைப் பற்றி மேனேஜ்மென்ட் கேட்டால் தயங்காமல் ஒன்று சொல்லுங்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த வில்மார் ஷௌஃபெலியும் சகாக்களும் 2002-ல் ஈடுபாட்டுக்கு மூன்று கூறுகள் சொன்னார்கள்: உற்சாகம், அர்ப்பணிப்பு, வேலையில் ஒன்றிப்போவது. அர்ப்பணிப்பு உங்கள் பிள்ளைகளிடம் இருக்கும், இல்லாவிட்டால் அழமாட்டார்கள். உற்சாகம் தூக்கத்தைப் பொறுத்தது, தூக்கம் ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது. லிண்டா எய்க்கன் குழுவினர் 2002-ல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்தார்கள். ஒரு நர்ஸ் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் அந்த நர்ஸ் வேலைச் சுமையில் முற்றிலும் சோர்ந்துபோகும் (பர்ன்அவுட்) வாய்ப்பு 23 சதவீதமும் கூடியது. இதை எந்த இன்சார்ஜும் அன்பால் ஈடுகட்ட முடியாது. சம்பளமும் அப்படித்தான். உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவை ஒட்டி அமைந்த நிபுணர் குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகளில் மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளமும், எங்கேயும் 20,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளமும் வேண்டும் என்றது. அந்தப் பரிந்துரை பல இடங்களில் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. ஆளும் கொடுக்காமல், சம்பளமும் கூட்டாமல், 'உங்கள் வார்டில் ஈடுபாடு ஏன் குறைவு' என்று இன்சார்ஜைக் கேட்பது அநியாயம். எச்.ஆர். வகுப்புகளின் மேல் எனக்கு இருக்கும் மனக்குறையும் இதுதான். இல்லாத ஆளுக்குப் பதிலாக ஈடுபாட்டைக் கேட்கிறார்கள்.

டயாலிசிஸுக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். அந்த வேலை பிடித்துப் போவதாக இருந்தால் தாராளமாகப் போங்கள், நல்ல வேலை. இங்கிருந்து தப்பிக்க என்றால் ஆறு மாசம் பொறுங்கள். அதிகாரம் கொடுக்க வேண்டும் என்று தானாக நினைத்த இன்சார்ஜ்கள் அதிகம் இல்லை. அந்த ஜூனியர்களுக்கு அடுத்து வரப்போகிறவர் எப்படி இருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கே தொடங்குவது என்றால், அடுத்த மாச ரோஸ்டர். 20-ம் தேதிக்குள் நிபந்தனைகளை எழுதி எல்லோரையும் கூட்டிப் படியுங்கள். 'நாலு மாசமா நான் இதைச் சரியா நடத்தலை, இனி இப்படிப் போடுவோம்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வாருங்கள், நீட்டி வருத்தம் தெரிவிக்க வேண்டாம். சீனியர்களிடம் முந்தின நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள், கூட்டத்தில் அதிர்ச்சி கொடுக்காதீர்கள். மேடத்திடம் கேட்கும் மூன்றையும் வாயால் கேட்டுவிட்டு அன்றைக்கே மெயிலிலும் போடுங்கள், தேதியோடு. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து அதே மெயிலின் கீழேயே மறுபடி ஒரு வரி எழுதுங்கள்.